வாங்காத கிளிக்குகள்

“…அப்போ எங்கள எல்லாம் திருடிங்கன்னு எழுதி வெச்சிருக்க, அதான?” என்று கேட்டு முடித்தார் அக்கா.

இன்னும் சரியாக விடியாத சாம்பியன் ஸ்டேஷன். பிளாட்பாரத்து சிமெண்ட் பெஞ்சில் நான். எனக்கு எதிரே சாப்பாட்டுப் பையைத் தோளில் மாட்டியபடி அக்கா. அவர் முதுகுக்குப் பின்னால் ஸ்வெட்டரும் தலையில் கட்டிய துண்டுமாக லேடீஸ் பெட்டிப் பெண்கள் ஏழெட்டுப் பேர். என் ஃபோனில், ஒரு கம்பெனிக்கு நான் எழுதி முடித்து இன்னும் அனுப்பாத பதில் ஒன்று திறந்து கிடந்தது. அது போய்ச் சேர்ந்தால் என் பிழைப்பு ஒருவேளை தப்பிக்கும். போகாவிட்டால் அன்று மாலையோடு என் கணக்கை மூடிவிடுவார்கள். அந்தப் பதிலைத்தான் அக்காவுக்குத் தமிழில் படித்துக் காட்டியிருந்தேன்.

பயத்தில் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அன்றைக்கு ஒட்டிக்கொண்டது.

அக்கா என்றால் கூடப் பிறந்தவர் இல்லை. பெங்களூருக்கு வேலைக்குப் போகிற வண்டியில் பல வருஷம் எனக்குப் பக்கத்து சீட். ஒயிட்ஃபீல்டு பக்கம் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் கூட்டித் துடைக்கிற பெண்களை மேய்ப்பது அவர் வேலை. பெட்டிக்குள்ளேயும் அதே வேலைதான். யார் எங்கே உட்காருவது, யார் வீட்டுக் குழம்பை யார் ருசி பார்ப்பது, எல்லாம் அவர் தீர்ப்பு. பேச்சில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. வண்டி நடுக்காட்டில் நின்றால் “டிரைவருக்கு ஊட்டு ஞாபகம் வந்துட்ச்சி” என்பார். அவருடைய மேனேஜரைப் பற்றி ஒருநாள் சொன்னார்: “அவன் சிரிச்சான்னா பயந்துக்கணும், மொறைச்சான்னா நிம்மதியா வேல செய்யலாம்.” இதையெல்லாம் வீட்டுக்கு வந்து அப்படியே ஒப்பிப்பேன். என் வீட்டுக்காரர், “உங்க அக்கா ரேடியோல இன்னிக்கி இன்னா சொன்னாங்க?” என்று கேட்டுவிட்டுத்தான் தட்டு முன்னால் உட்காருவார்.

அந்த வண்டியிலிருந்துதான் நான் விழுந்தேன். ஒயிட்ஃபீல்டு ஸ்டேஷனில், வீடு திரும்பும்போது, மழை பெய்துகொண்டிருந்த ஒரு சாயந்தரம். வண்டி நகர ஆரம்பித்த பிறகு ஏறினேன். படி வழுக்கி, படிக்கும் பிளாட்பாரத்துக்கும் நடுவே இருக்கிற சந்துக்குள் ஒரு கால் இறங்கிவிட்டது. யாரோ என் மணிக்கட்டைப் பிடித்தார்கள். பிடித்த கை விடவில்லை. யாரோ சங்கிலியை இழுத்து வண்டி நின்றபோது, அக்காவின் நகங்கள் என் தோலில் பதிந்து ரத்தம் கசிந்திருந்தது.

முட்டி உடைந்தது. பிறகு கூடியது. நடக்கலாம் என்றார் டாக்டர், நடந்தேன். வண்டி ஏறத்தான் முடியவில்லை. ஒருநாள் மனசைத் திடப்படுத்திக்கொண்டு ஸ்டேஷனுக்கு வந்து கதவுக் கம்பியைப் பிடித்தேன். உள்ளங்கை வேர்த்துக் கம்பி வழுக்கியது. கீழே அந்தச் சந்து கறுப்பாக வாயைத் திறந்துகொண்டிருந்தது. கையை எடுத்துக்கொண்டேன். வண்டி போன பிறகும் வெகுநேரம் அங்கேயே நின்றேன்.

எங்கள் ஊரில் வண்டி ஏற முடியாதவளுக்கு வேலை என்று பெரிதாக ஒன்றும் இல்லை. தங்கச் சுரங்கத்தை மூடியதிலிருந்து ஊரில் பாதி விடிகாலையில் கிளம்பிப் போய் இருட்டியதும் திரும்பி வருகிறது. என் வீட்டுக்காரர் இங்கேயே வயரிங் வேலை பார்ப்பவர். அவர் ஒருவர் சம்பாத்தியத்தில் வீடு ஓடாது. அதனால் காலை நீட்டிப் படுத்திருந்த மாதங்களில், ஃபோனில் வீடியோ பார்த்துப் பார்த்து, தப்பும் தவறுமாக அஃபிலியேட் மார்க்கெட்டிங் கற்றுக்கொண்டேன்.

பேர்தான் பெரிது. ஆன்லைன் கடையில் இருக்கிற ஒரு குக்கரையோ ஃபிளாஸ்க்கையோ பற்றி நாம் ஒரு சின்ன வீடியோ போட்டு, கீழே லிங்க் கொடுக்க வேண்டும். அந்த லிங்க்கின் வாலில் நம்முடைய அடையாளம் ஒட்டியிருக்கும். யாராவது அதைத் தொட்டு உள்ளே போய் வாங்கினால் நமக்குக் கமிஷன். தொட்டுவிட்டுச் சும்மா திரும்பினால் ஒன்றும் இல்லை. யார் லிங்க் வழியாக எத்தனை பேர் வந்தார்கள் என்று பார்த்துக்கொள்ள, கடைக்கும் நமக்கும் நடுவில் ஒரு கம்பெனி இருக்கும். நான் எங்கள் ஊர்ப் பேச்சிலேயே பேசினேன். “இந்த டப்பா மூடி வண்டி குலுக்கல்ல தொறந்துக்காது, நானே தலகீழா புடிச்சிப் பாத்துட்டன்” என்று. ஜனங்களுக்குப் பிடித்துவிட்டது.

லிங்க்கை ஒருவர் தொட்ட நொடியிலேயே சில விஷயங்கள் பதிவாகிவிடும். எந்த நேரம் தொட்டார், என்ன மாதிரி ஃபோன், எந்த நெட்வொர்க், சுமாராக எந்த ஊர், எந்தப் பதிவிலிருந்து வந்தார். பேர் வராது, நம்பர் வராது. ஈரத் தரையில் செருப்பு அடையாளம் மாதிரி, வந்த தடம் மட்டும் இருக்கும். அந்தத் தடத்தைப் படிக்கத் தெரிந்தால்தான் இந்தத் தொழிலில் நிற்க முடியும். டிபன் டப்பா வீடியோவை ஞாயிற்றுக்கிழமை சாயந்தரம் போட்டால் தொடுகிறவர்கள் வாங்குகிறார்கள், திங்கட்கிழமை காலையில் போட்டால் பார்த்துவிட்டு ஓடிவிடுகிறார்கள் என்பதை அப்படித்தான் தெரிந்துகொண்டேன். ஒவ்வொரு வாட்ஸ்அப் குரூப்புக்கும் லிங்க்கில் தனித்தனிக் குறி போட்டு அனுப்பினால், எந்தக் குரூப்பிலிருந்து ஆள் வருகிறது என்றும் தெரிந்துவிடும். இந்த வித்தை பிடிபடுவதற்கு முன்னால், ஒரே ஒரு லிங்க்கை மட்டும் குறி எதுவும் இல்லாமல் தெரிந்தவர், தெரியாதவர் எல்லாருக்கும் அனுப்பியிருந்தேன். என் முதல் லிங்க் அது. மூன்றடுக்கு ஸ்டீல் கேரியர்.

போன மழைக்காலத்தில் அந்தப் பழைய லிங்க்குக்கு உயிர் வந்தது.

காலையில் டாஷ்போர்டை, அதாவது கம்பெனியின் கணக்குப் பக்கத்தைத் திறந்தால், கிளிக்குகளைக் காட்டுகிற கோடு செங்குத்தாக ஏறியிருந்தது. முதல் நாள் சந்தோஷம் தாங்கவில்லை. வீட்டுக்காரரிடம் நீட்டினேன்.

“இன்னா, வோல்டேஜ் ஏறிகிச்சா?” என்றார்.

“ஆளுங்க வந்துகினு கீறாங்க. பழைய லிங்க்குக்கு.”

“வந்து?”

“வந்து… ஒண்ணும் வாங்கல.”

“அப்புறம் இன்னாத்துக்கு சிரிக்கற?”

அவர் கேட்ட பிறகுதான் பக்கத்துக் கட்டத்தைப் பார்த்தேன். வாங்கியவர் யாரும் இல்லை. மறுநாளும் கோடு ஏறியது, வாங்கியவர் இல்லை. அதற்கடுத்த நாளும் அப்படித்தான். தொடுகிறவர்கள் பெருகிக்கொண்டே போய், வாங்குகிறவர் ஒருவர்கூட இல்லாமல் போனால் கம்பெனியின் கண்ணுக்கு அது வியாதி. யாரோ மிஷின் வைத்துத் தொட வைக்கிறார்கள், இல்லையென்றால் நாமே ஏமாற்றுகிறோம் என்று எடுத்துக்கொள்வார்கள். ஒருத்தரைப் பிடிக்கவில்லை என்றால் அவருடைய லிங்க்கைப் பொய்யாகத் தொட்டுத் தொட்டே கணக்கை மூட வைக்கிற ஆட்களும் உண்டு என்று ஒரு வீடியோவில் கேட்டிருந்தேன். கேட்டபோது சுவாரசியமாகத்தான் இருந்தது.

தடத்தைப் பார்த்தேன். ஊர் என்கிற இடத்தில் எல்லாமே பெங்களூர். அதைவிட மோசம், கிளிக்குகளில் முக்கால்வாசிக்கு ஒரே நெட்வொர்க் விலாசம். ஒரே வீட்டு வாசலிலிருந்து ஒரு கும்பலே கிளம்பி வருகிற மாதிரி. பொழுது விடிகிற நேரத்தில் ஒரு கொத்து, பொழுது சாய்ந்ததும் ஒரு கொத்து. பெங்களூரில் எவனோ ஒருவன், எழுந்ததும் என்னை அழிக்கிற வேலையை முடித்துவிட்டுத்தான் காபி குடிக்கிறான் என்று நினைத்தேன். அவனுக்கு ஒரு முகம்கூட வைத்துப் பார்த்தேன். வைத்த முகம் போகவே இல்லை. அடுப்பில் பாலை வைத்துவிட்டுத் திரும்பினால் ஜன்னலில் அவன்.

பிறகு மெயில் வந்தது. “அன்பான பார்ட்னர்” என்று ஆரம்பித்தது. என் லிங்க் ஒன்றில் இயல்புக்கு மாறான கிளிக்குகள் தெரிகின்றனவாம். ஒரு வாரத்துக்குள் காரணத்தை விளக்கி, அதை நிறுத்தவும் வேண்டும். இல்லாவிட்டால் கணக்கு மூடப்படும், மறுபடி திறக்க முடியாது.

சின்ன வயதில், பூமிக்கடியில் எங்கேயாவது பாறை வெடித்தால் மேலே எங்கள் சுரங்கத் தொழிலாளர் லைன் வீட்டு அலமாரியில் பாத்திரங்கள் கிணுகிணுக்கும். அம்மா கையில் இருப்பதை அப்படியே கீழே வைத்துவிட்டு, சைரன் ஊதுகிறதா என்று சுரங்கத்துக்குள் இறங்குகிற ஷாஃப்ட் பக்கம் காதைத் திருப்புவாள். அந்த மெயிலைப் படித்தபோது அதே பாத்திரங்கள் கிணுகிணுப்பது எனக்குக் கேட்டது. கணக்கு போனால் வேலை போகும். வேலை போனால் நான் வண்டி ஏற வேண்டும். என் பயம் மொத்தமும் கடைசியில் போய் நின்றது அந்தச் சந்துக்கு முன்னால்தான்.

கம்பெனியின் உதவிப் பக்கத்தில் கேட்டேன். “ஹாய்! இன்று உங்களுக்கு எப்படி உதவலாம்?” என்றது. யார் தொடுகிறார்கள் என்று சொல்ல முடியுமா என்றேன். அது சொல்வதற்கில்லை என்றது. “வேறு ஏதாவது உதவி வேண்டுமா?” என்று சிரிக்கிற பொம்மை ஒன்றைப் போட்டது. ஆளா மிஷினா என்று தெரியவில்லை. அதுவும் என்னைப் பற்றி அதையேதான் யோசித்திருக்கும்.

ராபர்ட்சன்பேட்டையில் ஒரு பாத்திரக் கடை இருக்கிறது. கேஸ் அடுப்பு லைட்டர் வாங்கப் போனேன். கடைக்காரர் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று கும்பிட்டார்.

“வாங்கம்மா ஆன்லைன் மகாராணி! ஷட்டர எப்ப இழுத்து வுடலாம், நீங்களே ஒரு நாள் பாத்துச் சொல்லிடுங்க.”

“இன்னாண்ணா, காலங்காத்தால.”

“உன் வீடியோ ஒண்ணு வுடறதில்லம்மா நான். தெனம் பாத்துகினுதான் கீறன்.”

“லிங்க்கையும் தொடுவீங்களா?”

“தொடாம? நீ இன்னா வெலைக்குக் காட்டறன்னு தெரிஞ்சாத்தான நான் பத்து ரூவா கொறைக்க முடியும்?” என்று சொல்லிவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். 

லைட்டரை வாங்காமலே வந்துவிட்டேன். அன்றே அவரை என் குரூப்பிலிருந்து எடுத்தேன். அந்தத் தெருவுக்கே போகவில்லை. மறுநாள் விடிகிற நேரத்தில் கிளிக்குகள் வந்து விழுந்தன, முன்போலவே, ஒன்றுகூடக் குறையாமல். பாவம், அவர் இல்லை. அவர் இல்லை என்று தெரிந்ததும் பயம் கூடித்தான் போனது. கடைக்காரருக்காவது ஒரு முகம் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை டாஷ்போர்டைத் திறந்தேன். ஒரு கிளிக் இல்லை. முந்தைய வாரத்தைப் பார்த்தேன். அந்த ஞாயிறும் இல்லை. மிஷினுக்கு ஏது லீவு? லீவு எடுக்கிறது என்றால் ஆள்தான். கும்பலாக, நேரம் தவறாமல், ஞாயிறு மட்டும் ஓய்வெடுத்துக்கொண்டு என்னைக் கெடுக்கிற ஆட்கள். இதை வீட்டுக்காரரிடம் சொன்னால், “கவர்மெண்ட் உத்தியோகமா இருக்கும்” என்றார். அவருக்கும் உள்ளுக்குள் பயம். கேலி பேசிவிட்டு, ஏற்கெனவே பூட்டிய கதவை இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தார்.

வாரம் முடிவதற்கு முந்தின நாள் காலை. வழக்கமான நேரம் வந்தது, கிளிக் வரவில்லை. நான் பக்கத்தைத் திரும்பத் திரும்பப் புதுப்பித்துக்கொண்டிருந்தேன். வரவில்லை என்றால் நிம்மதியாக இருக்க வேண்டும் இல்லையா? இல்லை. சத்தம் போடுகிற நாயைவிட, சத்தம் போட்டுக்கொண்டிருந்து திடீரென்று நிறுத்திய நாய்தான் எனக்குப் பயம்.

வீட்டுக்காரர் ஃபோனில் யாரிடமோ பேசிக்கொண்டே உள்ளே வந்தார். “அப்டியா? சரி சரி, வந்தப்புறம் பாத்துக்கலாம்” என்று வைத்தார். “அந்த மோட்டார் பார்ட்டி. சாமான் வாங்க பெங்களூர் போவணும்னு உரிகம் ஸ்டேஷன்ல நிக்கறாரு. ஃபர்ஸ்ட் வண்டிய மாரிக்குப்பத்துலயே இன்னும் எடுக்கலயாம். இன்னாமோ ரிப்பேராம்.”

வண்டியும் வரவில்லை, கிளிக்கும் வரவில்லை. ஃபோனைத் தொடையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எங்கள் வீட்டுக்கு வண்டிச் சத்தம் கேட்கும். விழுந்ததிலிருந்து அந்த நேரத்தில் டிவியைச் சத்தமாக வைத்துக்கொள்வேன். அன்றைக்கு அணைத்துவிட்டேன்.

வெகுநேரம் கழித்து ஹார்ன் கேட்டது. சாம்பியனில் வண்டி வந்து நிற்கிற சத்தம், பிறகு கிளம்புகிற சத்தம். பக்கத்தைப் புதுப்பித்தேன்.

ஒரு கிளிக். உடனே இன்னொன்று. பிறகு நாலைந்து சேர்ந்தாற்போல. அமைதி. வண்டி உரிகம் போய்ச் சேர்கிற நேரம் கழித்து மறுபடி ஒரு கொத்து. அமைதி. அதற்கடுத்த ஸ்டேஷன் கோரமண்டலுக்கு ஒரு கொத்து.

அந்த நிமிஷத்தை எப்படிச் சொல்வேன்? நான் எந்த வண்டியைக் கண்டு ஒளிந்துகொண்டிருந்தேனோ, அது தண்டவாளத்தை விட்டு இறங்கி, என் ஃபோனுக்குள் புகுந்து, என்னைத் தேடிக்கொண்டு வருகிற மாதிரி இருந்தது. ஃபோனைக் கவிழ்த்து வைத்தேன். அதன் மேல் ஒரு தலையணையையும் போட்டேன். “இன்னா ஆச்சி, இன்னா ஆச்சி” என்று வீட்டுக்காரர் தண்ணீர் கொண்டுவந்தார்.

அன்று சாயந்தரக் கொத்து வந்ததும் அதையும் எடுத்து வைத்துப் பார்த்தேன். காலையில் தொட்ட ஃபோன்கள் எவையோ, அவையே மாலையிலும் தொட்டிருந்தன. போனவர்கள் அத்தனை பேரும் திரும்பி வந்திருக்கிறார்கள் என்பது போல இரண்டு பக்கமும் சரிக்குச் சரி. அப்பா காலத்தில் சுரங்கத்தில் கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் ஏறிக் கீழே இறங்குவதற்கு முன்னால் ஆளுக்கொரு பித்தளை டோக்கன் கொடுப்பார்கள். ஷிஃப்ட் முடிந்து மேலே வந்ததும் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். பலகையில் ஒரு ஆணி காலியாக இருந்தால் ஓர் ஆள் இன்னும் கீழே இருக்கிறான் என்று அர்த்தம். லேடீஸ் பெட்டியிலும் எங்களுக்கு அந்தப் பழக்கம் இருந்தது. வண்டி ஏறியதும் குரூப்பில் ஆளுக்கொரு புள்ளி வைப்போம், திரும்பும்போது ஒரு புள்ளி. அதற்குப் பேரே டோக்கன்தான். யார் ஏறவில்லை, யார் திரும்பவில்லை என்று அக்கா பார்த்துக்கொள்வார்.

எதிரி யார் என்று தெரிந்துவிட்டது. என்னைச் சந்திலிருந்து இழுத்துப் போட்டவர்கள்.

பெங்களூர் என்று ஏன் காட்டியது என்பதைப் பிறகு ஒரு வீடியோவில் கேட்டேன். மொபைல் நெட்வொர்க்கில் போகிற ஃபோன் எந்த ஊரில் இருந்தாலும், அந்த நெட்வொர்க்கின் பெரிய வாசல் எந்த ஊரில் இருக்கிறதோ அதைத்தான் காட்டுமாம். ஆயிரம் பேர் அந்த ஒரே வாசல் வழியாக வெளியே வருவார்களாம். என் ஜன்னலில் நின்ற ஆள் அந்த வாசல்தான்.

மறுநாள் காலை, கெடுவின் கடைசி நாள், இருட்டோடு கிளம்பி சாம்பியன் ஸ்டேஷனுக்குப் போனேன். என்னைப் பார்த்ததும் பிளாட்பாரமே கூச்சல் போட்டது.

“ஏய், வந்துட்டாடி!”

“வண்டி ஏறப் போறியாக்கா?” என்றாள் என்னைவிடச் சின்னவள் ஒருத்தி.

அக்கா என் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்தார். “உன் சீட்டு அப்டியே கீது. எவளயும் ஒக்கார வுடல. ஏறு இன்னிக்கி.”

“ஏற வரலக்கா. ஒண்ணு கேக்கணும். என் பழைய லிங்க்க, கேரியர் லிங்க்க, நீங்கல்லாம் தொடறீங்களா?”

அக்காவின் முகம் மலர்ந்தது பாருங்கள், அதைப் பார்க்காமல் இருந்திருக்கலாம்.

“தெரிஞ்சிட்ச்சா உனுக்கு? சொல்ல வேணாம்னுதான் இருந்தன். நீ வுயுந்தப்புறம் டோக்கன எண்ணினா ஒரு தல கொறையும். மனசுக்கு பேஜாரா கீது. ஒருநாள் உன் லிங்க்கு கண்ணுல பட்டிச்சி. புள்ளி வெக்கறதுக்கு பதிலு அத்த தொட்டா இன்னான்னு தோணிச்சி. எங்க டோக்கனும் ஆச்சி, உனுக்கும் நாலு காசு சேருமே. எல்லாருக்கும் சொல்லிட்டன். போறப்ப ஒண்ணு, வர்றப்ப ஒண்ணு. லீவு நாளத் தவிர நாள் தவறினதில்ல.”

“உடம்பு செரியில்லாத அன்னிக்கிகூட தொட்டேங்க்கா நானு” என்றாள் பின்னால் ஒரு சின்னப் பெண், பரிசு வாங்க வந்தவள் மாதிரி.

நான் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். தொட்டால் மட்டும் போதாது, வாங்க வேண்டும் என்றேன்.

“தெனம் தெனம் கேரியரா வாங்குவாங்க?” என்றார் அக்கா. “நாங்க இன்னா ஓட்டலா நடத்தறோம்?”

எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்காததைப் பார்த்துச் சிரிப்பு ஒவ்வொருவராக நின்றது. மெயிலைப் பற்றிச் சொன்னேன். மாலைக்குள் பதில் போகாவிட்டால் கணக்கு மூடிவிடும் என்றேன். பதில் எழுதுகிற பக்கத்தில் காரணம் என்று அவர்களே சிலவற்றைக் கொடுத்திருந்தார்கள். மிஷின், மோசடி, சொந்தக் கிளிக், மற்றவை. முந்தின ராத்திரியே “மற்றவை” என்பதைத் தொட்டு, கீழே நான் எழுதி வைத்திருந்ததையும் சேர்த்து அக்காவுக்குத் தமிழில் படித்துக் காட்டினேன். இந்தக் கிளிக்குகள் ஒரு ரயில் பெட்டியில் வேலைக்குப் போகிற பெண்களிடமிருந்து வந்தவை, வாங்குகிற எண்ணத்தோடு வந்தவை இல்லை, இவற்றைச் செல்லாதவை என்று நீக்கிவிடலாம், இனி வராது. ஆதாரம் இருந்தால் இணைக்கவும் என்று ஒரு கட்டம் இருந்தது. அதை மட்டும் காலியாக விட்டிருந்தேன். ஆதாரத்துக்கு நான் எங்கே போவேன்?

“செல்லாதுன்னா? நாங்க இன்னா கள்ள நோட்டா?” என்றார் அக்கா. இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. “காலங்காத்தால தூக்கத்துல நடந்து வந்து, ஏறினதும் மொத வேலையா உன்ன நெனச்சி அத்த தொட்டா, அது செல்லாது. அந்தப் பட்டியல்ல மோசடின்னு வேற கீது, அதுக்குப் பக்கத்துல எங்கள ஒக்கார வெச்சிருக்க. அப்போ எங்கள எல்லாம் திருடிங்கன்னு எழுதி வெச்சிருக்க, அதான?”

கணக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். மூடவில்லை. கண்காணிப்பில் வைத்திருக்கிறோம் என்று ஒரு வரி வந்தது. அது இன்றும் டாஷ்போர்டின் தலையில் மஞ்சள் நிறத்தில் நிற்கிறது. அந்தக் கேரியர் லிங்க்கை நானே எடுத்துவிட்டேன். பெட்டிக்காரர்கள் பழையபடி புள்ளி வைக்கிறார்கள். வண்டி நான் இன்னும் ஏறவில்லை. விடிகாலையில் ஹார்ன் கேட்டதும் டாஷ்போர்டைத் திறந்து, கோடு எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்காமல் எனக்கு மூச்சு சீராவதில்லை. ஆனால் அன்று பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது இது எதுவும் எனக்குத் தெரியாது. ஒரு கையில் என் பிழைப்பு, இன்னொரு கையில் இந்தப் பெண்கள், இரண்டில் ஒன்று நழுவப்போகிறது என்று மட்டும் தெரிந்தது. மணிக்கட்டில் அந்தப் பழைய நகத் தழும்பு அரித்தது.

“திருடிங்கன்னு எழுதலக்கா,” என்றேன், நாக்கு பிரிந்ததும். “மிஷின் இல்ல, மனுசங்கன்னு எழுதியிருக்கன். அத்த அவங்க நம்பணும். நம்ப வெக்க என்கிட்ட ஒண்ணும் இல்ல.”

மாரிக்குப்பம் பக்கத்திலிருந்து ஹார்ன் கேட்டது. நான் பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். பெண்கள் பைகளைத் தோளில் ஏற்றினார்கள்.

அக்கா அசையவில்லை. சாப்பாட்டுப் பையைக் கழற்றிக் கீழே வைத்தார். இடுப்பில் செருகியிருந்த பர்ஸை எடுத்து, அதற்குள் பிளாஸ்டிக் உறையில் இருந்த தன் சீசன் பாஸை உருவி, பெஞ்சில் என் முட்டிக்குப் பக்கத்தில் வைத்தார். பேர் இருந்த இடத்தைக் கட்டைவிரலால் அழுத்தி மறைத்துக்கொண்டார்.

“எந்த ஸ்டேஷன்லேந்து எந்த ஸ்டேஷன், எந்த மாசம், எல்லாம் இதுல கீது. மிஷினுக்கு எவனும் பாஸ் அடிச்சித் தரமாட்டான். போட்டோ புடி” என்றார். பிறகு, தலையைத் திருப்பாமலே இன்னொரு கையைப் பின்பக்கமாக நீட்டி, விரல்களை மடக்கி மடக்கி மற்றவர்களுடைய பாஸ்களைக் கேட்டார்.